ஹாரோபெக்கில் அந்தச் சனிக்கிழமை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டி புறப்படத் தயாராக நின்றது. கூவிக் கூவி ஆள் ஏற்ற வேண்டிய கண்டக்டர் தேவசகாயம், பின்படிக்கட்டில் நின்று போனையே வெறித்துக்கொண்டிருந்தான். டிரைவர் சின்னதுரை கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு ஆரனை அழுத்தினார்.

"இன்னாடா தேவா, வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்க? ஆளைக் கூப்புடு."

"செல்வி போன் எடுக்கல அண்ணே."

"வேலையில இருக்கும். அப்புறமா அதுவே பண்ணும்."

ஆரோக்கியசெல்வி அவன் மனைவி. திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள், இங்கிலாந்தின் வடக்கே ஹாரோபெக் என்ற சின்ன ஊருக்கு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வீடு வீடாகப் போய், தனியாக இருக்கும் வயசானவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சாப்பாட்டைச் சூடு பண்ணி வைத்துவிட்டு வருவது அவள் வேலை. சனிக்கிழமையானால் அங்கே மதியம், இங்கே சாயங்காலம், தவறாமல் கூப்பிட்டுவிடுவாள். வேறொரு சனிக்கிழமையாக இருந்தால் தேவசகாயம் இப்படிப் பதறியிருக்க மாட்டான். ஆனால் அந்த வாரம் முழுக்க டிவியில் அந்த நாட்டைத்தான் காட்டினார்கள். ஏதோ ஒரு பொய்ச் செய்தி பரவி, வெளிநாட்டுக்காரர்கள் மேல் ஆத்திரம் கிளம்பி, ஊர் ஊராகக் கும்பல் திரண்டு கடைகளை உடைத்துக்கொண்டிருந்தது.

"இந்த ஊரு சின்ன ஊருங்க, இங்கல்லாம் ஒண்ணும் வராது" என்று வியாழக்கிழமை செல்வி சொல்லியிருந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். குளிர் எப்படி என்றால் பரவாயில்லை என்பாள். சாப்பாடு எப்படி என்றால் பழகிவிட்டது என்பாள். அவள் போன புதிதில், அவள் எந்தத் தெருவில் நடக்கிறாள், எந்தக் கடையைத் தாண்டிப் போகிறாள் என்று எதுவுமே தெரியாமல் தேவசகாயம் தவித்துப் போனான். ஒருநாள் போனில் அந்த ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடியபோதுதான் ஃபேஸ்புக்கில் அந்தக் குழு கண்ணில் பட்டது. 'ஹாரோபெக்: பழைய படங்களும் நினைவுகளும்.'

அந்த ஊர்க் கிழவர்களும் கிழவிகளும் அதில் தங்கள் சின்ன வயதை எழுதிக்கொண்டிருந்தார்கள். நூல் மில்லில் சங்கு ஊதியதும் பாலத்தின் மேல் ஆயிரம் சைக்கிள்கள் திரண்டு வந்ததை ஒருவர் எழுதினார். ஆற்றில் வெள்ளம் வந்து கறிக்கடைக்காரரின் பன்றிகள் சர்ச்சுக்குள் ஏறி நின்றதை இன்னொருவர் எழுதினார். உடைந்த பிஸ்கெட்டைப் பொட்டலம் கட்டி விற்ற கடை, தரைவிரிப்புக் கடையாக மாறிப்போன சினிமாக் கொட்டகை, பேய் இருக்கிறது என்று பையன்கள் பயந்த சந்து... தேவசகாயம் எல்லாவற்றையும் போனிலேயே மொழிபெயர்த்துப் படித்தான். ஒரு தடவை செல்வி, "மணிக்கூண்டுக்கிட்ட பஸ் ஏறறேன்" என்றபோது, "அதுக்குப் பின்னாடி குதிரைக்குத் தண்ணி காட்டற கல்தொட்டி இருக்குமே" என்றான். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க! பூச்செடி வச்சிருக்காங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரியோ சிரியென்று சிரித்தாள்.

அந்தக் குழுவில் அவனுக்கு ஒரு சிநேகிதமும் கிடைத்தது. டோரீன் என்று எண்பது தாண்டிய அம்மா. இளவயதில் அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தோல்பையும் தொப்பியுமாகப் படிக்கட்டில் நிற்கும் தன் படத்தை ஒருநாள் போட்டிருந்தார். தேவசகாயம் அதன் கீழே தன் பையோடு நிற்கும் படத்தைப் போட்டு, 'நானும்' என்று மட்டும் எழுதினான். 'படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளுவது உங்கள் ஊரிலும் பெரும் பாடுதானா?' என்று அந்த அம்மா கேட்டார். அதிலிருந்து அடிக்கடி ஏதாவது எழுதிக்கொள்வார்கள்.

வண்டி புறப்பட்டது. மார்க்கெட்டிலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஏறியவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லி, டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே தேவசகாயம் இன்னொரு தடவை போன் போட்டான். அணைந்து கிடந்தது. அனுப்பிய செய்திகளில் ஒற்றை டிக்குக்கு மேல் விழவில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அந்தக் குழுவைத் திறந்தான். முதலில் வந்ததே ஒரு படம்தான். மணிக்கூண்டு. அதன் அடியில் குப்பைத்தொட்டி ஒன்று புகைந்து எரிந்தது. முகத்தை மூடிய ஆட்கள் கல்லோடு நின்றார்கள். 'சற்று முன் எடுத்தது. இதுவா நம் ஊர்?' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

அதன் கீழே தேவசகாயம் அவசரமாக எழுதினான்: 'என் மனைவி அங்கே இருக்கிறாள். நோயாளிகள் வீட்டுக்கு நடந்து போகிறவள். இந்தியப் பெண். நீல நிறச் சட்டை. யாராவது பார்த்தீர்களா?'

"தம்பி, பேரணிக்கு ஒண்ணு குடு" என்று ஒருவர் தோளைத் தட்டினார். அவருக்குத் தவறி விக்கிரவாண்டி டிக்கெட்டைக் கொடுத்து, திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுபடி போனைப் பார்த்தபோது அந்தப் படம் இல்லை. அவன் எழுதியதும் இல்லை. குழுவை நடத்துகிறவர் ஒரு வரி போட்டிருந்தார். 'இது பழைய நினைவுகளுக்கான இடம். இன்றைய சச்சரவுகளை இங்கே கொண்டுவராதீர்கள்.'

அவனுக்குக் காதெல்லாம் சூடேறியது. இத்தனை நாளும் அந்த மனிதர்களின் அப்பா அம்மாவை, பள்ளிக்கூடத்தை, செத்துப்போன நாயைக்கூடச் சொந்தம் போலப் படித்திருக்கிறான். ஒரே ஒரு கேள்வி கேட்டதற்குத் துடைத்து எறிந்துவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

விக்கிரவாண்டியில் வண்டி நின்றபோது போன் முனகியது. டோரீன் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார்.

'அழிப்பதற்கு முன் பார்த்துவிட்டேன். என்னால் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது, முட்டி ஒத்துழைக்காது. ஆனால் டெலிபோன் இருக்கிறது. சனிக்கிழமை அவள் யார் வீட்டுக்குப் போவாள்?'

அவனுக்குப் பெயர் தெரியாது. நோயாளிகளின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று செல்விக்குக் கட்டளை. புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. என்ன சொல்லியிருக்கிறாள் என்று மண்டையைக் குடைந்துகொண்டான். சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர் ஒருவர். இப்போது கை ஆட்டம் கண்டுவிட்டது. வாசிக்க முடியாத பியானோவின் மேல் பல்செட்டைக் கழற்றி வைப்பாராம். அதைத் தேடுவதே பெரிய பேஜாரு என்று ஒரு தடவை சொல்லிச் சிரித்தாள். எழுதி அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. 'அது வால்டர். என் கல்யாணத்துக்கு வாசித்தவர். தப்பும் தவறுமாக. இரு.'

அந்த 'இரு'வுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முண்டியம்பாக்கம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். யார் இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்றே தேவசகாயத்துக்குப் புரியவில்லை. விசில் கொடுக்க மறந்து நின்றான். சின்னதுரை திரும்பிப் பார்த்துவிட்டுத் தானே வண்டியை எடுத்தார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது செய்தி வந்தது.

'இருக்கிறாள். வால்டர் வீட்டில். பத்திரம். பேசினேன். கும்பல் தெருவழியாகப் போனபோது உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்களாம். போனில் சார்ஜ் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே சார்ஜர் கொடுத்திருக்கிறார். கூப்பிடுவாள். அழாதே.'

அவன் அழுதுகொண்டுதான் இருந்தான். இறங்குகிறவர்கள் விலகி, வேறு படிக்கட்டு வழியாகப் போனார்கள். சின்னதுரை டீ வாங்கிக்கொண்டு வந்து கையில் திணித்தார்.

"குடி மொதல்ல. கண்டுபுடிச்சாச்சு இல்ல?"

டீ ஆறுவதற்குள் செல்வி கூப்பிட்டாள்.

"என்னாங்க, பயந்துட்டீங்களா?"

"பயந்துட்டனாவா? ஏன்டி, சார்ஜ் போட்டுக்கினு கிளம்ப மாட்டியா நீ?"

"மறந்துட்டேங்க. இங்க ஒண்ணும் இல்ல. அந்தத் தாத்தா கதவுக்குப் பின்னாடி கைத்தடியத் தூக்கிக்கினு நின்னாரு. நான்தான் அவரப் புடிச்சிக்கினு இருந்தேன், விழுந்துடப் போறாரேன்னு."

அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அந்தச் சாதாரணம்தான் அவனைப் பயமுறுத்தியது.

"சரி, அங்கயே இரு. ராத்திரி வரைக்கும் எங்கயும் நவராத."

"இல்லீங்க, கெளம்பணும். அடுத்த வீட்டுல கண்ணு தெரியாத அம்மா ஒருத்தங்க. மத்தியானச் சாப்பாடும் மாத்திரையும் இன்னும் குடுக்கல. ஆபீசுல கேட்டேன், உன் இஷ்டம்னுட்டாங்க."

"இஷ்டம்னா போவாத! வேற யாராவது போவட்டும்."

"வேற யாரு இருக்கா? மத்த ரெண்டு பேரும் மணிக்கூண்டுக்கு அந்தாண்ட மாட்டிக்கினு இருக்காங்க. அந்தம்மா காலையில இருந்து அடுப்படியிலயே உக்காந்து இருப்பாங்க. கதவு தட்டற சத்தம் கேட்டா நான்னு நெனச்சித் தொறந்துடுவாங்க. யாரு நிக்கறாங்கன்னு தெரியாம தொறந்துடுவாங்க, புரியுதா உங்களுக்கு?"

தேவசகாயத்துக்குப் புரிந்தது. அவளுக்குப் பதிலாக வேறு யாராவது அந்தத் தெருவில் நடக்கட்டும் என்று அவன் மனசு கெஞ்சியது. அதை மறுபடி வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. விழுப்புரத்தில் இருந்துகொண்டு அவள் கையைப் பிடித்து இழுக்கவும் முடியவில்லை. சின்னதுரை ஆரன் அடித்தார். திரும்புகிற ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது. பின்னால் வேறு வண்டி இடத்துக்குக் காத்து நின்றது.

"எவ்ளோ தூரம்?"

"ஆத்தோரமா போயி, பாலத்தத் தாண்டி, மேட்டுல ஏறணும்."

"சரி. போனை வைக்காத. நானும் வர்றேன்."

போனை ஒலிபெருக்கியில் போட்டு, சட்டைப்பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டான். வண்டி ஸ்டாண்டைவிட்டு வெளியே வந்தது. கதவு சாத்துகிற சத்தம், அப்புறம் காற்று, அப்புறம் அவள் காலடி எல்லாம் பையிலிருந்து கேட்டது. முன்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். கோலியனூரிலிருந்து வந்து விழுப்புரத்தில் வண்டி மாறியவர்.

"யாரு தம்பி பேசறது?"

"என் சம்சாரம்மா. வெளிநாட்டுல, கலவரம் நடக்கற எடத்துல நடந்து போய்க்கினு இருக்குது."

அந்த அம்மா கூடையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டார். பின்சீட்டு இளைஞர்கள் போனில் ஓடவிட்ட பாட்டை யாரும் சொல்லாமலே நிறுத்தினார்கள்.

"செல்வி, எங்க இருக்க?"

"ஆத்தோரம். யாருமே இல்லீங்க. கடையெல்லாம் பலகை அடிச்சிட்டாங்க." கொஞ்ச நேரம் காலடி மட்டும் கேட்டது. பிறகு, அவள் இதுவரை பேசியிராத சின்னக் குரலில், "பயமா இருக்குங்க" என்றாள். "ஒன்றரை வருஷமா பயமாத்தான் இருக்கு. சொன்னா உடனே வந்துடுன்னு சொல்லுவீங்க. அதான் சொல்லல."

தைரியமாக இரு என்று சொல்லலாம். தைரியம் இல்லாமலா இந்தத் தெருவில் நடக்கிறாள்?

"பேசுங்க. எதுனா பேசிக்கினே இருங்க."

"என்னாத்தப் பேசறது..."

"டிக்கெட் கேளுங்க. நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. அந்தச் சத்தம் கேட்டாப் போதும், நான் நடந்துடுவேன்."

தேவசகாயம் தொண்டையைச் செருமிக்கொண்டான். "டிக்கெட், டிக்கெட்! முண்டியம்பாக்கம் எறங்கறவங்கள்லாம் முன்னாடி வாங்க. படியில நிக்காத தம்பி, உள்ள ஏறு, உள்ள எடம் இருக்குது. மூட்டைய ஓரமா தள்ளும்மா..." படியில் ஆளே இல்லை. வண்டி பாதிதான் நிறைந்திருந்தது. இல்லாத கூட்டத்தை அவன் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். யாரும் சிரிக்கவில்லை.

"பாலத்து மேல வந்துட்டேன்" என்றாள். மூச்சு வாங்கியது. பிறகு, "மூணு பேரு எதிர்ல வர்றாங்க" என்றாள்.

அவன் குரல் நின்றது. சின்னதுரை ஆரன் அடிக்காமல் ஒரு லாரியின் பின்னால் மெல்லமாகப் போனார்.

"நிறுத்தாதீங்க" என்றாள் கிசுகிசுப்பாக.

"விக்கிரவாண்டி! விக்கிரவாண்டி, பேரணி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம்! ஜல்தி ஏறுங்க, ஜல்தி!" ஓடுகிற வண்டியில் அவன் கத்தினான். பையிலிருந்து யாரோ ஆண்குரல் ஏதோ சொல்வது கேட்டது. செல்வி இங்கிலீஷில் ஒரே வார்த்தை பதில் சொன்னாள். அப்புறம் காலடி. விடுவிடுவென்று காலடி.

"இன்னா சொன்னான்? செல்வி! இன்னா சொன்னான்?"

"பாத்துப் போன்னு சொன்னாங்க" என்றாள். "அவ்ளோதாங்க. பாத்துப் போன்னு." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே மேடு ஏறினாள். இவன் டிக்கெட் டிக்கெட் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். குரல் கட்டிப்போய்க் காற்றாக வந்தது. கடைசியில் அழைப்புமணி அடிக்கும் சத்தமும், தாழ்ப்பாள் நகரும் சத்தமும், நடுங்குகிற ஒரு முதிய குரலும் கேட்டன.

"வந்துட்டேங்க. உள்ள வந்துட்டேன். சாப்பாடு குடுத்துட்டுப் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தேவசகாயம் அப்படியே கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே பேரணி ரோட்டுக் கடைகள் வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, இதுவரை ஒருத்தருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்கம்மா போவணும்?" என்று கூடைக்கார அம்மாவைக் கேட்டான்.

"விக்கிரவாண்டி" என்றார் அவர்.

"அது தாண்டிப் போச்சேம்மா! சொல்லக் கூடாதா?"

"நீ பேசிக்கினு இருந்தியே, எப்படிடா குறுக்க பேசறது?" என்றபடி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "வண்டிய நிறுத்தச் சொல்லு. எதிர் பஸ்ஸப் புடிச்சிப் போய்க்கறேன்."