இருவருக்கும் நடுவில் வரும் பந்து

கோல் போட்டவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். விழவேண்டிய கோலைத் தடுத்தவனுக்கு முதுகில் ஒரு தட்டு கிடைத்தால் பெரிது. விழாத கோலை எந்தப் பலகையில் எழுதுவது?

'சுவர்' என்று பெயர் வாங்கியவனுக்கு இது நன்றாகவே தெரியும். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு கால்பந்து கிளப்பின் பின்வரிசையில் நின்றவன் அவன். பக்கத்தில் நின்ற இன்னொரு டிஃபெண்டரின் அக்காவைத்தான் கல்யாணம் செய்துகொண்டான். அதனால் மைதானத்தில் தோளோடு தோள் நின்றவன் வீட்டுக்கு வந்ததும் மைத்துனன் ஆகிவிட்டான். "மாமா", "மாப்ள" என்ற பேச்சு டிரெஸ்ஸிங் ரூம் முழுவதும் பிரபலம்.

இருவருக்கும் நடுவில் உயரமாக வரும் பந்துதான் பின்வரிசைக்கு எமன். நீயா, நானா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் கோல் விழுந்துவிடும். அதனால் பந்தை நன்றாகப் பார்க்கிறவன் சத்தம் போடுவான். "என்னோடது" என்றால் மற்றவன் விலக வேண்டும். "உன்னோடது" என்றால் கண்ணை மூடிக்கொண்டாவது எகிற வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது, குரலை நம்புவதுதான். சுவரின் குரலை மைத்துனன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

சுவருக்கு வலது முட்டி தகராறு செய்ய ஆரம்பித்தபோது, அவன் ஒரு தில்லுமுல்லு கண்டுபிடித்தான். காயம் ஆறிவிட்டதா என்று பார்க்க, ஒற்றைக் காலில் தாவச் சொல்வார்கள். இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே தூரம் தாவினால் தேறிவிடலாம். கெட்ட காலை எப்படித் தூரமாகத் தாவவைப்பது? முடியாது. ஆனால் நல்ல காலைச் சோம்பேறியாக்கலாமே. இரண்டும் சமமாகிவிடும். அன்றைய கோச் ஏமாந்தார், அல்லது ஏமாந்ததுபோல் இருந்துகொண்டார். அந்த வித்தையை மைத்துனனுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தவனும் சுவர்தான்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு சீசன். முட்டி மொத்தமாகப் போனது. இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குகிறான்.

படித்துப் பரீட்சை எழுதி, அதே கிளப்புக்கு ஃபிட்னஸ் கோச்சாக வந்து சேர்ந்தான். விடிவதற்கு முன்பே வந்து எடைகளைத் துடைத்து வைப்பான், ரப்பர் பட்டைகளில் கீறல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பான், ஓட்டப் பயிற்சிக் கூம்புகளை வரிசையாக வைப்பான். ஆட்டக்காரர்கள் அவன் காதில் விழும்படியே திட்டுவார்கள். கசப்பு மருந்து கொடுக்கிறவனை எவன் கொஞ்சுவான்?

இப்போது மைத்துனனின் முறை. இடது முட்டி. சனிக்கிழமை இறங்கி ஆடினால் இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வயதான டிஃபெண்டரை வேறு எந்த கிளப் சீந்தும்?

"ஏங்க, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க," என்றாள் சுவரின் மனைவி, பாத்திரம் துலக்கிக்கொண்டே. "அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா."

"கால் என்ன சொல்லுதோ அதத்தான் நான் சொல்ல முடியும்."

"காலா பேசுது? நீங்கதான பேசறீங்க."

மறுநாள் ஜிம்மில் மேனேஜரும் நின்றிருந்தார். மைத்துனன் தாவினான். முதலில் இடது, பிறகு வலது. கிட்டத்தட்ட சமம். மேனேஜர் முகம் மலர்ந்தது. சுவர் அந்த வலது காலையே பார்த்தான். அது இறங்கிய விதத்தில் துளி முனைப்பு இல்லை. தான் பெற்ற பிள்ளையைத் தனக்கே அடையாளம் தெரியாதா?

"இன்னொரு தடவை. வலது கால முழுசாப் போடு," என்றான்.

"முழுசாத்தான் மாமா போட்டேன்."

"போதும்யா, சமமாத்தான இருக்கு," என்றார் மேனேஜர்.

மைத்துனன் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பழைய டிரெஸ்ஸிங் ரூம் இருந்தது. சுவர் மூலையில் கிடந்த பந்தை எடுத்தான். இடது பக்கமாக, தலைக்கு மேலே உயரத் தூக்கிப் போட்டுவிட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"உன்னோடது!"

மைத்துனனின் உடம்பு அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டது. இடது காலை ஊன்றி எகிற வேண்டிய பந்து அது. மைத்துனன் அந்தக் காலை நம்பாமல், உடம்பையே முறுக்கித் திரும்பி, வலது காலில் எகிறினான். முழு வேகத்தில், கொஞ்சம் முன்பு தாவிய அதே வலது காலா இது என்று கேட்கும் உயரத்தில். பந்தைத் தலையால் சுத்தமாக அடித்து அனுப்பினான். இறங்கும்போது இடது கால் தரையில் பட்டது, மடங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

"வாயால சொல்லியிருக்கலாமே மாமா."

"சொன்னா கேட்டிருப்பியா? என் முட்டியப் பாத்தியா மாப்ள, நாளைக்கு உன் புள்ளையத் தூக்கிட்டு..."

"தில்லுமுல்லு நீங்க சொல்லிக் குடுத்தது. அதப் பிடிச்சதக்கூட விடுங்க." அவன் கம்பியை விடாமல் நிமிர்ந்து பார்த்தான். "அந்தக் குரல்ல கூப்ட்டீங்களே."

சனிக்கிழமை வேறொருவன் ஆடினான். ஒப்பந்தம் போயிற்று. "என் தம்பி பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க," என்று மனைவி ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, உப்பு உறைப்பு எல்லாம் அளவாக இருந்தது. அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆடியிருந்தால் முட்டி போயிருக்குமா? போகாமலும் இருந்திருக்கலாம். தடுத்த கோலைப் போலத்தான் தடுத்த காயமும், யாரும் கண்ணால் பார்க்கப் போவதில்லை. சில நாள் அவனே தன்னை நம்பவில்லை.

அடுத்த வருஷம் கிளப்பில் பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு வேடிக்கை ஆட்டம் வைத்தார்கள். மைத்துனன் வந்திருந்தான். பார்சல் கிடங்கில் மேற்பார்வை வேலையாம். முட்டி தேறிவிட்டது, ஓட்டத்தில் குறையே இல்லை. ஜனங்களுக்குப் பழைய ஜோடியைப் பார்க்க ஆசை. இருவரையும் பின்வரிசையின் நடுவில் நிறுத்தினார்கள். அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுவரும் கட்டாயப்படுத்தவில்லை, பக்கத்தில் நிற்கிறானே என்ற சந்தோஷமே அவனுக்குப் போதுமாக இருந்தது.

ஓரத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. இருவருக்கும் நடுவில், கொஞ்சம் மைத்துனன் பக்கமாக. சுவர் நன்றாகப் பார்த்தான்.

"உன்னோடது!"

மைத்துனன் அசையவில்லை. அண்ணாந்து பந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அது இருவருக்கும் நடுவில் தரையில் விழுந்து எழும்பியது. எதிரணியில் ஒரு தொப்பைக்காரர் மூச்சு வாங்க ஓடிவந்து உள்ளே தட்டிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

சுவர் நொண்டிக்கொண்டே வலைப்பக்கம் போனான். மைத்துனன் பந்தை எடுக்கக் குந்தியிருந்தான். இரண்டு முட்டியும் ஒன்றுபோல் வலியில்லாமல் மடங்கியிருந்தன.

"கேக்கலையா மாப்ள?"

அவன் எழுந்து பந்தைத் துடைத்தான்.

"கேட்டுச்சு மாமா," என்று சொல்லிவிட்டு, பந்தோடு நடுக்கோட்டைப் பார்த்து நடந்தான்.