முப்பதாம் நாள் மினுவெட்

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சாவு வீடும் கல்யாண வீடும் ஒன்றாகிவிட்டன என்பது அடைக்கலராஜின் எண்ணம். பெட்டிக்குள் பிணம் கிடக்கும்போதே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முப்பதாம் நாள் என்றால் பிரியாணி உண்டா என்று விசாரிக்கிறார்கள். ஊரை இப்படித் திட்டித் தீர்ப்பவருக்கு, மனைவி அமலராணியின் முப்பதாம் நாள் பூசையில் தன் மகளே நடனப் பாட்டு வாசிக்கப் போகிறாள் என்றதும் பொறுக்கவில்லை.

பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் சுத்தியல் பிடித்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. பூசைக்கு ஒரு மணி நேரம் முன்பே மாதா கோயிலுக்குள் நுழைந்தார். பீடத்தின் ஓரமாக இருந்த பியானோவில் மகள் டெல்பின் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன எழவு இது? இங்க யாருக்குக் கல்யாணம்?”

“மினுவெட்டுப்பா. முந்நூறு வருஷத்துக்கு முந்தி அரண்மனையில ஆடுறதுக்கு எழுதுனது.”

“உங்கம்மா அரண்மனையிலயா செத்தா? ஒண்டுக் குடித்தனத்துல கெடந்து செத்தா. நிறுத்து.”

அவள் நிறுத்தவில்லை. பெடலை மிதித்து அதையே மெதுவாக வாசித்தாள். ஓசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழுத்தன.

“இது போதுமா?”

“நொண்டி நடக்குற மாதிரி இருக்கு.”

“அதான்பா. பெடலைத் தொடாம, இடது கையை ஒட்டாம விட்டு விட்டு வாசிக்கணும். ரெண்டாந்தரம் வரும்போது சத்தத்தைக் குறைக்கணும். நாம அழுது வடிஞ்சா இது நின்னுபோயிடும்.”

“நடுவுல விரலு உதறுதே. பயமா?”

“உதறலப்பா. அங்க ரெண்டு கட்டையை மாத்தி மாத்தித் தட்டணும். அம்மாவுக்கு அந்த எடம்தான் புடிக்கும்.”

“அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?”

“கடைசி ரெண்டு மாசம் தெனம் சாயங்காலம் வீட்டுல கீபோர்டுல வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. சோகமா வாசிச்சா, ‘என்னை இன்னும் பொதைக்கலடி, ஒழுங்கா வாசி’ம்பாங்க. பூசையிலயும் இதைத்தான் வாசிக்கணும்னு சொன்னாங்க.”

“எங்கிட்ட சொல்லலியே.”

“அந்நேரம் நீங்க வீட்டுல இருந்தாத்தானப்பா?”

அந்தச் சாயங்காலங்களில் அவர் டீக்கடை பெஞ்சில் இருந்தார். மனைவியின் முனகலைக் காது கொடுத்துக் கேட்க முடியாமல் போய் உட்கார்ந்திருந்தார். இப்போது கோயில் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பூசை முடிந்ததும் டெல்பின் வாசித்தாள். ஒவ்வொரு ஓசையும் தனித்தனியாக, லேசாக விழுந்தது. பக்கத்தில் இருந்த மைத்துனன் ரெஜிஸின் கால் தன்னையறியாமல் தாளம் போட்டது. விரல் உதறும் அந்த இடம் வந்தபோது, அடைக்கலராஜ் கண்ணை மூடி அமலராணியின் சிரித்த முகத்தை நினைத்துப் பார்த்தார். முகம் வரவில்லை. முனகல்தான் வந்தது.

எழுந்தார்.

“மச்சான், உக்காருங்க. இன்னும் முடியல,” என்று ரெஜிஸ் கையைப் பிடித்தான்.

“அவ இதை வாசிக்கச் சொல்லியிருக்க மாட்டாடா.”

கையை உதறிவிட்டு நடந்தார். முதுகுக்குப் பின்னால் பாட்டு திரும்பவும் முதலிலிருந்து, சத்தம் குறைந்து தொடங்கியது. அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.