பன்னிரண்டு கதவுக்கும் ஒரே இலக்கம்

தனுஜாவுக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் பன்னிரண்டு கதவுகளிலும் பச்சைப் பெயிண்டில் ‘7’ என்று எழுதியிருந்தது.

எல்லாம் வருகிற திங்கட்கிழமை நடக்கவிருந்த நேர்முகப் பரீட்சையால் வந்த வினை. நிர்வாக சேவைக்கு ஆள் எடுக்கும் எழுத்துப் பரீட்சையில் எத்தனையோ பட்டதாரிகள் மண்ணைக் கவ்வ, கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து இவள் ஒருத்தி தேறியிருந்தாள். வயதெல்லை இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் இன்னொரு தடவை கிடையாது. கேட்ட பத்திரங்களில் வதிவிடச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. கிராம சேவகர் எழுதித் தரவேண்டும், பிரதேச செயலாளர் அதன்மேல் ஒப்பம் வைக்கவேண்டும்.

கிராம சேவகரோ ‘வீட்டு இலக்கம்’ என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு அசைய மறுத்தார். இலக்கம் இல்லை என்று எத்தனை தரம்தான் சொல்வது? லயத்துக்கு வரும் தபால்கூடத் தோட்டத்து ஆபீசில்தான் கிடக்கும். ஆபீசில் கேட்டால் கிராம சேவகரைக் கேள் என்றார்கள். மூன்று நாள் இப்படியே பந்தாடிய பிறகு, கதவில் ஓர் இலக்கத்தை எழுதி வைத்தால் வெள்ளிக்கிழமை வந்து பார்த்துவிட்டு எழுதித் தருவதாக அவரே வழி சொன்னார். அப்பா இருளப்பன் அன்றைக்கே ‘7’ போட்டார். வரிசையில் அவர்கள் குடியிருந்த அறை ஏழாவது காம்பரா.

விஷயம் பக்கத்து வீட்டு ஜெயம்மாவின் காதுக்குப் போனதோடு கெட்டது காரியம்.

வெள்ளிக்கிழமை வந்த கிராம சேவகர் கதவுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். “இதில ஒங்க வீடு எது?”

“மாத்தயா எந்தக் கதவத் தட்டினாலும் நம்ம புள்ள வீடா இருக்கணும்னுதாங்க எல்லாத்துலயும் எழுதினோம்,” என்றாள் ஜெயம்மா பெருமையாக. கையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

அவர் தலையில் கைவைத்தார். “இதில கையெழுத்துப் போட்டா என் வேலை போயிடும். செயலாளரையே போய்ப் பாருங்க.” வெற்றுப் படிவத்தைத் தனுஜாவிடம் நீட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். ஜெயம்மாவைத் திட்ட வாயெடுத்தவளுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

அன்றைக்கே அவள் போய்ப் பார்த்த பிரதேச செயலாளரும் அதே பரீட்சை எழுதி வந்தவர்தான். காணி, ஓய்வூதியம், மண்சரிவு நிவாரணம் என்று பைல்களுக்கு நடுவில் புதைந்திருந்தவர், கதையைக் கேட்டுச் சிரித்தார்.

“லயத்துக்கு நம்பர் போடுற பைல் நான் வர்றதுக்கு முந்தியே இங்க இருக்கு. மேலே இருந்து பதில் வரல்ல. நீங்க செயலாளரா வந்தா நீங்களே போடலாமே.”

தனுஜா அவர் இருந்த நாற்காலியைக் காட்டினாள். “நம்பர் குடுக்குற கதிரைக்கு வர்றதுக்கே நம்பர் கேக்குறீங்களே சேர். நான் எங்க போறது?”

அவர் சிரிப்பு நின்றது. கிராம சேவகருக்குப் போன் போட்டார். “இந்தப் பிள்ளை அந்த லயத்திலதானே இருக்கு? அப்ப வந்து எழுதுங்க.” வந்தவர் வீட்டு இலக்கம் என்ற கட்டத்தில், செயலாளர் சொன்னபடி, ‘இல்லை’ என்று எழுதினார். இருவரும் ஒப்பமிட்டார்கள். மூன்று நாளாக அவள் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னதும் அந்த ஒரு சொல்லைத்தான்.

பஸ்ஸில் அப்பாவின் அழைப்பு வந்தது.

“கையெழுத்து வச்சிட்டாங்கப்பா.”

“அப்ப மத்தக் கதவுல இருக்கிறத அழிச்சிறச் சொல்லவா?”

“வேணாம்ப்பா. அப்படியே கெடக்கட்டும். அந்தக் கதிரைக்கு வந்து நானே மாத்துறேன்.”