டிசிடி என்றொரு ஃபீல்டு

கிளோத் சாரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. கோரிமேட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு இருபது வருடம் முன்பு அவர் எழுதிய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதும் வேலை என் தலையில் விழுந்ததுதான் காரணம்.

நோயாளிகளின் விவரம் வைக்கும் டேபிளில் அறுபத்து மூன்று ஃபீல்டுகள். பாதியின் பெயர் விளங்கவில்லை. குணமாகி வீடு திரும்பியவர்களுக்கு போனில் வாழ்த்துச் செய்தி அனுப்பும் வசதி மாலைக்குள் ஓடாவிட்டால் திங்கட்கிழமை வரவே வேண்டாம் என்று முதலாளி செல்வகுமார் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் எதிர் மேசையில் இருந்த கிளோத் சாரிடம் போனேன்.

"சார், எந்த ஃபீல்டு எதுக்குன்னு எழுதி வச்சிருக்கீங்களா?"

அவர் நிமிரவில்லை. "எங்கிட்ட ஏன் கேக்கற நூரீன்? நீதான் பெரிய படிப்பு படிச்சவளாச்சே. டேட்டாபேஸயே கேளு, சொல்லும்."

டேட்டாபேஸையே கேட்டேன். பெயர், வகை, நீளம் எல்லாம் வரிசையாகத் திரையில் வந்தன. நடுவில் டிசிடி என்றொரு ஃபீல்டு; 'ஆம்', 'இல்லை' மட்டும் ஏற்கும். டிஸ்சார்ஜ்டு என்பதைச் சுருக்கியிருக்கிறார், இதைச் சொல்ல இத்தனை திமிரா! திட்டிக்கொண்டே, பெயரைக்கூடப் பார்க்காமல், 'ஆம்' என்றிருந்தவர்களில் கடைசிப் பத்துப் பேருக்குச் சோதனையாக அனுப்பினேன்.

கிளோத் சாரின் போன் ஒலித்தது. பார்த்தார். எழுந்து வந்து அதை என் மேசையில் வைத்தார்.

'திருமதி பெர்னதெத் அவர்களே, பூரண நலத்துடன் வீடு திரும்பியதற்கு வாழ்த்துகள்!'

பெர்னதெத் அவர் மனைவி; பதிவில் இருந்தது சாரின் எண். போன மாதம் அதே மருத்துவமனையில் இறந்துபோனார். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

"அது இங்கிலீஷ் இல்ல. நான் படிச்சது பிரெஞ்சு, பிரெஞ்சுல படி. தே, ஸே, தே. எழுத்தச் சேத்துச் சொன்னாலே வார்த்த வந்துடும், தேஸேதே. செத்துட்டாங்கன்னு அர்த்தம்."

"கேட்டப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே சார்!"

"நீ அசிங்கப்படணும்னுதான் சொல்லல."

அலுவலகத் தொலைபேசி அடித்தது; வாழ்த்தின் அடியில் அந்த எண்ணைத்தான் போட்டிருந்தேன். நான்தான் எடுத்தேன். ஒரு பெண் குரல், கத்தவில்லை, அழவும் இல்லை.

"எங்கப்பா வீட்டுக்குத் திரும்பிட்டாருன்னு அனுப்பிருக்கீங்க. எந்த வீட்டுக்குன்னு சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வரேன்."

ரிசீவரைக் கிளோத் சாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மறுபடி என் காதிலேயே வைத்தேன்.

"சொல்லுங்க," என்றாள் அவள்.