மூன்றாவது பெட்டிக்கு வைத்த பொட்டு

காலியாக ஓர் இடம் கிடந்தால் சிலருக்குக் கை சும்மா இருக்காது. மேற்கு மாம்பலத்தில் நூறு படுக்கை ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் கருணாகரன் அந்த ரகம். மாடிப்படிக்கு அடியில் நாலடி இடம் இருந்தாலும் தடுப்பு வைத்து, இசிஜி அறை என்று போர்டு மாட்டிவிடுவார். அப்பேர்ப்பட்டவரிடம் போய், "சார், நம்ம மூணு சர்வர்ல ஒண்ணோட அளவுக்கு இடம் எப்பவும் காலியா இருக்கணும்" என்று அன்புக்கரசி சொன்னால்? மனுஷன் சிரித்தார்.

அன்புக்கரசிதான் அங்கே கணினி வேலைகளுக்கெல்லாம் ஒற்றை ஆள். நாலாம் மாடியில் ஒரு குளிர் அறை. அதில் மூன்று பெரிய பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு கணினிகள் குடியிருந்தன. கையால் தொட்டுப் பார்க்க முடியாத, வெறும் மென்பொருளால் ஆன கணினிகள். லேபுக்கு ஒன்று, ரத்த வங்கிக்கு ஒன்று, கேன்டீன் டோக்கனுக்குக்கூட ஒன்று. ஒரு பெட்டி படுத்துவிட்டால் அதில் இருந்தவை தாமாகவே மற்ற இரண்டுக்கும் போய் எழுந்துகொள்ளும். போகிற இடத்தில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்து நாள் முன்பு டாக்டர் கூப்பிட்டார். "ஆயுத பூஜை அன்னிக்கு நம்ம புது ஆப் தொடங்கறோம்மா. பெரிய மனுஷங்களை எல்லாம் கூப்பிட்டாச்சு. காலியா கெடக்குதுல்ல, அதுல போடு."

மூன்று முறை முடியாது என்றாள். நாலாவது முறை அவர் குரல் மாறியது. மிச்சம் வைக்காமல் எதையும் ஏற்றவிடாத காவல் ஒன்று அந்த அமைப்பில் உண்டு. திரையில் அதற்கான டிக் குறியை எடுத்தால் காவல் போய்விடும். எடுத்தாள்; புது ஆப்பை ஏற்றினாள். விழா முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெரும்பாக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் நிமிடத்துக்கொரு தரம் போனைப் பார்த்தாள். பயப்படக் காரணம் இருந்தது. சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் வீடு இருந்த காலத்தில், பெருவெள்ளத்தன்று மூட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்து பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது, "இடம் இல்ல, அடுத்த ஸ்கூலுக்குப் போங்க" என்று கதவைச் சாத்தியதை அவள் மறக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கத்தரிக்கோலிலிருந்து எக்ஸ்ரே மெஷின் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வருடா வருடம் மாடி மாடியாகப் பொட்டு வைப்பது துப்புரவு வேலை பார்க்கும் தாயம்மாதான். அன்று அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எம்பொண்ணு செண்பகத்த ஆப்ரேசனுக்கு உள்ள இட்டுனு போய்ட்டாங்க பாப்பா. கொயந்த குறுக்கால கீதாம். இங்க பொட்டு வெச்சிட்டு ஓடிர்றேன்."

"ஒண்ணும் ஆகாதுக்கா. முன்பக்கம் மட்டும் வைங்க. பின்னாடி ஒயர் எதையும் தொட்டுடாதீங்க." கதவைத் திறந்துவிட்ட கையோடு, விழா மேடையில் திரை தெரியவில்லை என்று அழைப்பு வர, அன்புக்கரசி கீழே ஓடினாள்.

பத்தே முக்காலுக்கு போன் அலறியது. ரத்த வங்கியிலிருந்து ஆசிஃப்.

"மேடம், சிஸ்டம் செத்துப்போச்சு! தியேட்டர்ல ஒரு அம்மாவுக்கு ரத்தம் நிக்கல. பிரிட்ஜ் நிறைய பை இருக்கு, எந்தப் பை அவங்களுக்குச் சேருதுன்னு பாத்து வெச்சது சிஸ்டத்துலதான் இருக்கு. மறுபடி பாத்தா முக்கால் மணி நேரம் ஆகும். யாருக்கும் ஏத்தலாம்னு அவசரத்துக்கு வெச்சிருந்த ஓ நெகட்டிவ் ரெண்டு பையும் போயாச்சு."

"யாரு பேஷன்ட்?" என்று கேட்டாள்.

"செண்பகம். நம்ம தாயம்மா பொண்ணு."

லிஃப்டுக்கு நிற்கவில்லை. நாலு மாடியும் படியேறி ஓடினாள். மூன்றாவது பெட்டி செத்துக் கிடந்தது. அதன் முகப்பில் இருக்கும் வட்டப் பொத்தான் மேல், யாரோ நெற்றிக்கு வைப்பது போல் அழகாகச் சந்தனம், நடுவில் குங்குமம். விடாமல் நாலு விநாடி அழுத்தினால் பெட்டியை அணைக்கிற பொத்தான் அது. ஐயோ, அந்தப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனோமே!

மறுபடி அழுத்தினாள். காற்றாடிகள் இரைந்தன. ஆனால் இந்தப் பெட்டி கண் விழிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். திரையைப் பார்த்தாள். கேன்டீன் டோக்கன் எழுந்துவிட்டது. கார் நிறுத்துமிடக் கதவு எழுந்துவிட்டது. சின்னதெல்லாம் சந்து கிடைத்த இடத்தில் நுழைந்துகொண்டன. ரத்த வங்கி பெரிய குடித்தனம்; அதன் பெயருக்கு எதிரே மட்டும் சிவப்பில் ஒரு வரி: இடம் போதாது.

இதே வார்த்தையைத்தான் அன்று பள்ளிக்கூட வாசலில் கேட்டாள். இன்று சொல்ல வைத்தவள் அவளே.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது புது ஆப். டாக்டரைக் கூப்பிட்டாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"சார், ஆப்பை நிறுத்தணும். ரத்த வங்கி..."

"பைத்தியமா உனக்கு? இப்பத்தான் திரையில காட்டறோம். பத்து நிமிஷம் பொறு." வைத்துவிட்டார்.

பத்து நிமிடம். இந்த வேலை போனால் பெரும்பாக்கத்து வீட்டில் அடுப்பெரியாது, அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஆப்பை அணைத்தாள். கீழே நாதஸ்வரம் மட்டும் தொடர்ந்தது. ரத்த வங்கியின் பெயர் பச்சையாக இரண்டு நிமிடம் பிடித்தது. அந்த இரண்டு நிமிடமும் மேசை விளிம்பைப் பிடித்தபடி, "எழுந்துருடா, எழுந்துருடா" என்று பிதற்றிக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சு மேடம்! பையை எடுத்துக்கிட்டு ஓடறேன்" என்றான் ஆசிஃப். அதன் பிறகு ஒரு மணி நேரம் எந்தச் செய்தியும் இல்லை.

டாக்டரின் வாட்ஸப் மட்டும் வந்தது. 'சர்வரை அணைத்தது யார்? ஒரு பெயர் வேண்டும். இன்றோடு வீட்டுக்கு அனுப்புகிறேன்.'

பெயர் தெரியாமல் என்ன? கதவு திறந்த நேரம் பதிவாகியிருக்கிறது, பொத்தானில் சந்தனம் இருக்கிறது. பயத்தில் கை முந்திக்கொண்டது. 'ஹவுஸ்கீப்பிங் தாயம்மா' என்று தட்டிவிட்டாள். அனுப்பும் முன் கதவு தட்டப்பட்டது.

தாயம்மா. முகமெல்லாம் கண்ணீர். அன்புக்கரசி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பொயச்சிக்கிச்சு பாப்பா! ரெண்டு உசுரும் பொயச்சிக்கிச்சு. பொண்ணு பொறந்துக்கீது." பொரியும் கடலையும் இருந்த பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள். "எல்லாம் இந்த பூஜைதாம்மே. அதோ, அந்தப் பெட்டில வட்டமா பச்ச வெளக்கு ஒண்ணு எரிஞ்சிக்கினு இருந்துச்சே? சந்தனத்த வெச்சி, அதுமேலயே வெரல அமுக்கிக்கினு செண்பகம் பேர சொல்லி வேண்டிக்கினே இருந்தேன். பட்டுனு வெளக்கு அணைஞ்சிச்சு. சாமி கேட்டுக்கிச்சுன்னு அப்பால தான் கைய எடுத்தேன்."

அன்புக்கரசி பொத்தானில் இருந்த பொட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, மூஞ்சி வெளுத்துக் கீது? சாப்டியா இல்லியா? அடுத்த வருசமும் நானே வந்து வெக்கிறேன்."

"வைங்கக்கா" என்றாள் அன்புக்கரசி. "நான் பக்கத்துலயே நிக்கறேன்."

தாயம்மா போன பிறகு அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். பெட்டி விழும். எலி கடித்தும் விழும், வேண்டுதலாலும் விழும். விழுந்தால் தாங்கத்தான் அந்தக் காலியிடம் இருந்தது. மூன்றாவது பெட்டி எழுந்துவிட்டதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டாள். புது ஆப்பை எழுப்பவில்லை.

பிறகு தட்டினாள். 'காலியாக வைத்திருந்த இடத்தை நிரப்பியது நான். பெயர் அன்புக்கரசி.'

அனுப்பினாள். உடனே இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை. பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.