எட்டு மணி சீரியலும் இணைச்சீரும்

தனப்பிரியாவின் கழுத்தில் இதுவரை மூன்று தாலி ஏறியிருக்கிறது. மூன்றும் கேமரா முன்னால் ஏறியவை. நிஜத்தில் முப்பத்திரண்டு வயதாகியும் ஒன்றுகூட ஏறவில்லை. அந்தக் கவலையை அவள் பட்டதைவிட மல்லசமுத்திரத்துச் சொந்தக்காரர்கள்தான் அதிகம் பட்டார்கள். எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காயவேண்டும் என்று கேட்டால் மட்டும் அவர்களுக்குக் கோபம் வந்துவிடும்.

முதல் தாலி ஒரு சினிமாவில். கதாநாயகியின் தோழி வேடம். பாதிப் படத்திலேயே கல்யாணமாகிப் போய்விடுவாள். அந்தப் படம் இன்னும் வெளியே வரவில்லை, இனியும் வராது. இரண்டாவது, ஒரு மத்தியான சீரியலில். நாலு மாதத்தில் அதை இழுத்து மூடினார்கள். மூன்றாவதுதான் நிலைத்தது. எட்டு மணி சீரியலின் மூத்த மருமகள் பூங்கொடி. சோறு பரிமாறுவாள், மாமியாரிடம் ஏச்சு வாங்குவாள், சமையல்கட்டில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நான்கு வருஷமாக இதே வேலை. திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் முடித்த கையோடு, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் சென்னை பஸ் ஏறியவளுக்கு, நாய்படாத பாடு பட்ட பிறகு கிடைத்த பிழைப்பு அது. அன்றைக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை வந்தவன் தம்பி கவின் ஒருத்தன்தான். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அடி வாங்கியவனும் அவன்தான்.

இப்போது அந்த மூன்றாவது தாலிக்குக் கேடு வந்திருந்தது. பூங்கொடிக்குப் புருஷனாக நடித்தவர் சினிமா வாய்ப்பு வந்து விலகிக்கொண்டார். சரி, ஆளை லாரியில் அடித்துக் கொன்றுவிடலாம் என்று கதை எழுதுகிறவர்கள் முடிவு செய்தார்கள். பிறகென்ன? வளையலை உடைத்து, பொட்டை அழித்து, தாலியைக் கழற்றவேண்டியதுதான். ஊர் உலகத்தில் பதினாறாம் நாள் நடப்பதைச் சீரியல்காரர்கள் பிணத்தை வைத்துக்கொண்டே முடித்துவிடுவார்கள். அது வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஒளிபரப்பாக இருந்தது.

அதே வியாழக்கிழமை, அதே எட்டு மணிக்குக் கவினுக்கு இணைச்சீர்.

கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு அவன் கூடப் பிறந்தவள் நின்று செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பு தம்பி கையில், மறு தலைப்பு அக்கா கையில். நாளைக்கு ஒருத்தி பெண்டாட்டியாக வந்தாலும் இவளுக்கு இந்த வீட்டில் உள்ள உரிமை எங்கேயும் போய்விடாது என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொல்வது. உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்கலாம். உடன்பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தி நின்றால், அவள் இருந்தும் இல்லாதவள்தான்.

லாரி மோதுகிற புரோமோ டிவியில் ஓடிய அன்றைக்கே பெரியம்மா சாரதாமணி கிளம்பி வந்துவிட்டாள்.

"ஏ பொன்னாத்தா, அங்க டிவியில தாலி அறுக்கறவளெ, அதே நேரத்துல இங்க சீருக்கு நிறுத்துவியா? கட்டாத தாலியா இருந்தாலும் அறுத்தா அறுத்ததுதான். புதுசா ஊடு கட்டி வாழப்போற பையனுக்கு இது ஆகுமா? எம்பட புள்ள சண்முகப்பிரியா சும்மாத்தான இருக்கறா, அவ நிக்கட்டும்."

தனப்பிரியாவின் அம்மா பொன்னாத்தாள் அன்றைக்கு மத்தியானம் மகளுக்குப் போன் போட்டு அழுதாள்.

"உங்கப்பன் போனதுல இருந்து நல்லது கெட்டதுன்னா நாந்தான் தூணுக்குப் பின்னால நிக்கறேன். நீயுமா கண்ணு அங்க நிக்கோணும்? அந்த மகராசங்க காலுல உழுந்தாச்சும் அத நாலு நாளைக்குத் தள்ளிப்போடச் சொல்லு சாமி."

தனப்பிரியா போய்ச் சொன்னாள். தயாரிப்பு மேனேஜர் சுவாமிநாதன் அரை நாள் லீவுக்கே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற ஆள். அன்றைக்கு அவர் குதிக்கவில்லை. "தம்பி கல்யாணமாச்சே, போயிட்டு வாங்கம்மா. அந்த சீனை நாங்க பாத்துக்கறோம்" என்றார். கூடவே சிரித்தும் வைத்தார். கிச்சுக்கிச்சு மூட்டினாலும் சிரிக்காத மனுஷன்.

வியாழக்கிழமை காரில் ஊருக்குக் கிளம்பியவளை அந்தச் சிரிப்புதான் வழியெல்லாம் அரித்தது. ஆத்தூர் தாண்டி வாழப்பாடி வரும்வரை ஒரு பாட்டுக்கூடப் போடாமல் ஓட்டினாள். பாத்துக்கறோம் என்றால் என்ன அர்த்தம்? தள்ளிவைக்கிறோம் என்று சொல்ல அவர் வாய்க்கு என்ன கேடு? வாழப்பாடியில் ஒரு டீக்கடையில் காரை நிறுத்தினாள்.

கடைக்காரம்மா டம்ளரை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏம்மா, நீ பூங்கொடிதானே?"

"ஆமாங்க."

"அடிப்பாவி மகளே! இன்னைக்கு ராத்திரி உன்னை இந்தக் கோலத்துல பாக்கணும்னு எங்க தலையில எழுதியிருக்கே. இதைப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல." கடைக்காரம்மா இடுப்பிலிருந்த போனை எடுத்துக் காட்டினாள். அன்றைக்குக் காலையில் வந்த புதுப் புரோமோ. வெள்ளைத் துணி மூடிய உடம்பு, மாமியாரின் அலறல், தரையில் மோதி உடைகிற கண்ணாடி வளையல்கள். கையை மட்டும்தான் காட்டினார்கள். கடைசியில் கொட்டை எழுத்தில், இன்று இரவு எட்டு மணிக்கு.

தனப்பிரியா டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டாள். அவள் வளையல் உடைத்து நடிக்கவே இல்லை. அது அவள் கையும் இல்லை.

காருக்குள் உட்கார்ந்து சுவாமிநாதனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள், கட் செய்தார். "சார், புரோமோவில் யார் கை?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

ஒன்று, கைக்கு மட்டும் டூப் போட்டிருக்கலாம். நான்கு வருஷமாக அவள் அழுத அழுகையெல்லாம் அவர்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்து ஒட்டினால் அவள் இல்லாமலே அவளை விதவையாக்கிவிடலாம். அப்படியானால் பெரியம்மா அவளை மணவறைப் பக்கமே விடமாட்டாள். இல்லையென்றால் ஆளையே மாற்றியிருக்கலாம். அதற்குமேல் யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. இருதலைக் கொள்ளிக்கு நடுவில் மாட்டிய எறும்புக்காவது ஓடித் திரிய இடமிருக்கும், இவளுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அயோத்தியாப்பட்டணம் நெருங்கும்போது கவின் கூப்பிட்டான்.

"அக்கா, எங்க வந்துட்டே?"

"சேலத்துகிட்ட வந்துட்டன்டா. அங்க என்ன பேசிக்கறாங்க?"

"பேசறவங்க பேசட்டும். நீ நிக்கலீன்னா எனக்கு இணைச்சீரே வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். நீ வெசையா வா."

அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை, கூடுதல் பயமாகத்தான் இருந்தது. தன்னால் தம்பியின் சீரே நின்றுபோனால் செத்தாலும் அந்தப் பேச்சு போகாது. அதற்குப் பிறகு அவள் எங்கும் நிறுத்தவில்லை.

மல்லசமுத்திரம் மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஏழரையைத் தாண்டியிருந்தது. வாசலிலேயே எல்லார் கண்ணும் அவள் நெற்றிக்குத்தான் போனது, பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. சண்முகப்பிரியா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துத் தயாராக நின்றாள். அக்காவைப் பார்த்ததும் பாவம், அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "அம்மாதான் கட்டிக்கச் சொன்னாங்கக்கா" என்று முணுமுணுத்தாள். பொன்னாத்தாள் சொன்னது போலவே ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மகளைக் கண்டும் பக்கத்தில் வரவில்லை.

"நான் அந்தக் காட்சியில நடிக்கவே இல்லீங்க பெரீம்மா. சாமி சத்தியமா நடிக்கல."

"நீ நடிக்கலீன்னா டிவிக்காரன் பொய்யா காட்டறான்?" என்றாள் சாரதாமணி.

சீர் நடத்திவைக்கும் அருமைக்காரர் செங்கோட்டையன் இரண்டு பக்கமும் பார்த்தார். வயதானவர், சண்டை ஆகாது. அதைவிட முக்கியம், அவரும் எட்டு மணி சீரியலை ஒரு நாள் விடாமல் பார்க்கிறவர்.

"ஏனுங்க, இதுக்கு எதுக்கு வாய்ச்சண்டை? எட்டு மணி ஆகப்போவுது. நாடகத்தப் பாத்துப்போடலாம். அதுல இந்தப் புள்ள தாலியக் கழட்டுச்சுன்னா அந்தப் புள்ள நிக்கட்டும். கழட்டலீன்னா இந்தப் புள்ள நிக்கட்டும். பொறவு ஆரும் ஒரு பேச்சுப் பேசப்படாது."

கல்யாண மண்டபத்தில் சீரை நிறுத்திவிட்டு சீரியல் பார்த்த கூட்டம் இதற்குமுன் எங்காவது உண்டா தெரியாது. சண்முகப்பிரியாவின் போனை ஒரு வெற்றிலைத் தட்டில் சாய்த்துவைத்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள், ஆண்கள் பார்க்காதது போல நின்று பார்த்தார்கள். நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கவின் மட்டும் மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை. தனப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விளம்பரம் ஓடியது. சோப்பு, மசாலாப் பொடி, மறுபடி சோப்பு. பிறகு அந்த வீட்டுக் கூடம் வந்தது. நான்கு வருஷமாக அவள் நடந்து நடந்து பழகிய கூடம். நடுவில் வெள்ளைத் துணி மூடிய உடம்பு. அதன்மேல் விழுந்து ஒருத்தி அழுதாள், முதுகுதான் தெரிந்தது. கட்டியிருந்தது பூங்கொடியின் பச்சைச் சேலை. தனப்பிரியா போன வாரம்தான் அதைக் கழற்றி மடித்து உடை அறையில் கொடுத்திருந்தாள்.

"இவதானே? இவதானே?" என்று சாரதாமணி தட்டின்மேல் குனிந்தாள்.

அழுதவள் மெதுவாகத் திரும்பினாள்.

யாரோ ஒரு பெண். சின்ன வயசு, பெரிய கண்கள், புதுமுகம். அவள் முகத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. பூங்கொடியாக இனி இவருக்குப் பதில் இவர்.

நான்கு வருஷத்துக்கு அந்த ஒரு வரிதான். அது முழுசாக ஓடி முடிவதற்குள் மாமியார் அந்தப் பெண்ணின் கழுத்தில் கையை வைத்துவிட்டாள்.

மண்டபமே மறுபடி ஒருமுறை குனிந்து அந்த முகத்தைப் பார்த்தது. பிறகு சாரதாமணி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அடக் கெரகமே! நம்ம புள்ள இல்லடீ இது! வேற எவளோ!" எழுந்து ஓடிவந்து தனப்பிரியாவின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். முறித்த சத்தம் மேளக்காரருக்கே கேட்டிருக்கும். "தப்பிச்சே சாமி! உன்ற கண்டம் அவளோட போச்சு. எந்த மகராசி பெத்த புள்ளையோ, அதுவும் நல்லா இருக்கட்டும். ஏ சண்முகப்பிரியா, அக்காளுக்கு அந்தப் பூவை எடுத்து வெய்யி!"

பெரியம்மாவுக்குக் கெட்ட மனசு கிடையாது. இத்தனை நாளும் நிஜமாகவே பயந்திருந்தாள், இப்போது நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அதுதான் தனப்பிரியாவுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

மேளம் தொடங்கியது. யார் யாரோ தோளைப் பிடித்துத் தனப்பிரியாவைத் தம்பி பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். செங்கோட்டையன் கூறைச்சேலையை விரித்து ஒரு தலைப்பைக் கவின் கையிலும் மறு தலைப்பை அவள் கையிலும் கொடுத்தார்.

மணையில் இருந்தபடியே கவின் தலையைத் தூக்காமல் கேட்டான். "அக்கா, அப்ப உன்ற வேல?"

"கம்முனு இரு. சேலையப் புடி."

அப்போது பொன்னாத்தாள் தூணைவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள். அதற்குமேல் வரவில்லை. அங்கிருந்தபடியே மகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"நீ சொன்னன்னு உனக்காக ஆளையே மாத்திப் போட்டாங்க பாத்தியா கண்ணு! இந்தக் காலத்துல இப்படியும் மனுசங்க இருக்கறாங்களே! போறப்ப அவுங்களுக்குக் கல்யாணப் பலகாரம் ஒரு டப்பா நெறையாக் கட்டித் தாரேன், மறக்காம கொண்டு போய்க் குடுத்துரோணும்."

கவின் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தான். அவன் இழுப்பது அவள் கைக்குத் தெரிந்தது.

"சரிம்மா" என்றாள் தனப்பிரியா. "குடுத்தர்றேன்."