கணவர் புலம்பல்

ஆறரைக்கு எழுந்தேன். கெட்டிலில் தண்ணீர் பிடித்துச் சுவிட்சைப் போட்டேன். தட்டில் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்றை எடுத்தேன். தேநீர்ப் பையைப் போட்டு, பால் வைத்திருந்த சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளில் இரண்டை உடைத்து ஊற்றினேன். குடித்தேன். பல் துலக்கினேன். குளித்தேன். முப்பத்தொன்றாம் நாள் வரை தாடி எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எடுத்தேன். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் திரையை விலக்கினேன். புல்வெளி, பெரிய மரங்கள், ஒரு குளம். அவற்றுக்கு அப்பால் எம் 25 நெடுஞ்சாலையின் இரைச்சல்.

இந்த அறையைப் பதிவு செய்தவள் என் மனைவி தாரகா. வட லண்டனின் விளிம்பில் இருநூற்றெண்பது வருடப் பழமையான பிரபு மாளிகை, இப்போது ஹோட்டல். அவளுடைய முப்பதாவது பிறந்தநாளை இங்கே கழிப்பது என்பது திட்டம். பிறந்தநாள் இன்று. அவள் இறந்து இது இருபத்துநான்காம் நாள்.

அவளை நினைத்து உருக நான் இங்கே வரவில்லை. ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீடு இருபத்துநான்கு நாட்களாக ஆட்களால் நிறைந்திருந்தது. என் சோபாவில் இருந்துகொண்டு, என் மனைவி எப்படிப்பட்டவள் என்று எனக்கே விளக்கம் சொன்னார்கள். அதனால் வந்தேன். இரண்டு நாட்கள் யாரும் அழைக்க வேண்டாம் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். ஹோட்டலின் பெயரையும் அதில் எழுதியது என் முட்டாள்தனம்.

படிக்கட்டில் ஒரு பெண்ணின் ஆளுயர ஓவியம் தொங்கியது. லேடி ஹரியட். இருபத்தாறு வயதில் பிரசவத்தில் இறந்தவர். கீழே பித்தளைத் தகட்டில் அவருடைய கடைசி வார்த்தைகள்: 'என்னைத் தேடாதீர்கள். ரோஜாக்கள் பூக்கும்போது நான் வருவேன்.'

நான் நின்று வாசிப்பதைப் பார்த்து வரவேற்பறைப் பெண் சிரித்தாள்.

"மனதைத் தொடுகிறது, இல்லையா? எல்லோரும் இதைப் படம் எடுப்பார்கள்."

"அவர் இதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்தது யார்?"

"மன்னிக்கவும்?"

"பிள்ளை பெறும் வலியில் கிடந்தவர் ரோஜாவைப் பற்றிச் சொன்னார். யார் கேட்டது?"

அவளுடைய சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "குடும்பத்தினர் எழுதி வைத்திருக்கிறார்கள், சார்."

குடும்பத்தினர். சாப்பாட்டு அறைக்குப் போய் இரண்டு முட்டையும் பன்றி பேக்கனும் கேட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாமதேவன் வந்தார். தாரகாவின் அண்ணன். பக்கத்து எட்மண்டனிலிருந்து காரில் வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. என் தட்டைப் பார்த்தார். பிறகு என் தாடையைப் பார்த்தார்.

"முட்டையோ தின்னுறீர்?"

"பண்டியும் இருக்கு, அண்ணை. இருங்கோ."

"செத்தவீட்டுத் துடக்கு இன்னும் கழியேல்லை, முகுந்த். பெண்சாதி செத்து ஒரு மாசம் ஆகேல்லை, மாப்பிள்ளை ஹொலிடே போட்டாராம் எண்டு றஜீனா மாமி லண்டன் முழுக்க ஃபோன் அடிக்கிறா."

"அவவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். பின்னுக்குக் குளம் ஒண்டு இருக்கு. நல்ல ஆழமாம்."

அவர் எதிரே உட்கார்ந்தார். கோப்பிலிருந்து அச்சடித்த தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தார். கல்வெட்டு. முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். இறந்தவரின் படம், குடும்ப வரலாறு, பிறகு ஒவ்வொரு உறவும் செய்யுளில் அழும். தாய் புலம்பல், சகோதரர் புலம்பல், கணவர் புலம்பல். அழுகிறவர்கள் எழுதுவதில்லை. தென் லண்டன் ஸ்ட்ரெதத்தில் இருக்கும் ஒருவர் எழுதிக் கொடுப்பார். அவர் தாரகாவைப் பார்த்ததே இல்லை.

"பன்ரண்டு மணிக்குள்ளை அச்சகத்துக்கு அனுப்போணும். உம்மடை பக்கத்தை ஒருக்கால் பாத்து ஓம் எண்டு சொல்லும், நான் போறன்."

பார்த்தேன். என் படம். அதன் கீழே:

மறுபிறப்பும் உம்மோடே மணவாழ்வு வேண்டுமென்று
இறுதிமூச்சில் உரைத்தாயே, இனியென்ன செய்வேன் நான்!

"இதை அவருக்கு ஆர் சொன்னது?"

"நான்தான்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் மேசைத் துணியின் விளிம்பைத் தடவினார்.

தாரகா வேலைக்குப் போகும் வழியில் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷன் படிகளில் விழுந்தாள். மூளையில் இரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் ஒன்பது மணி நேரம் கிடந்தாள். கண்ணைத் திறக்கவே இல்லை. வாமதேவனும் அங்கே நின்றார். அவருக்கும் இது தெரியும்.

"அண்டைக்கு இரவு அம்மா கேட்டவ," என்றார். "பிள்ளை கடைசியா என்ன சொன்னவள், என்ன சொன்னவள் எண்டு. ஒண்டும் சொல்லேல்லை எண்டு பெத்த தாய்க்கு எப்பிடிச் சொல்லுறது? வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன். அம்மா அதைப் பிடிச்சுக்கொண்டுதான் இப்ப உயிரோடை இருக்கிறா."

"அப்ப உங்கடை புலம்பலிலை போடுங்கோ. என்ரை பேரிலை வேண்டாம்."

"புருசனுக்குச் சொன்னதை அண்ணன்காரன் போடுறதோ? விசர்க்கதை கதையாதையும்."

"அவள் எனக்கு அப்பிடிச் சொல்லேல்லை!"

பக்கத்து மேசையில் கத்தியும் முள்ளுக்கரண்டியும் நின்றன. நான் மேசையில் அடித்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. தேநீர் கவிழ்ந்து கணவர் புலம்பலின் மேல் ஓடியது. நான் துடைக்கவில்லை.

"அப்ப சொல்லும்," என்றார் வாமதேவன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனால் அவருக்கும் கோபம் ஏறியிருந்தது. "நீர்தானே அண்டைக்குக் காலமை வீட்டிலை நிண்டனீர். என்ன சொன்னவள்? அதைப் போடுவம்."

இருபத்துநான்கு நாட்களாக நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. அவருடைய பொய் வீடெல்லாம் சுற்றியபோது வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பொய் வசதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று அடுத்ததாகக் கேட்பார்கள்.

"பக்கத்தை எடுத்துவிடுங்கோ."

"புருசன்ரை புலம்பல் இல்லாமல் கல்வெட்டோ? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"சரி. நீரே அம்மாவுக்குச் சொல்லும். அவ நம்பினதெல்லாம் பொய்யெண்டு உம்மடை வாயாலை சொல்லும்." ஃபோனை எடுத்து அழைத்தார். நான் மடங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அம்மா, முகுந்த் கதைக்கிறாராம்." ஃபோனை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, சாப்பிட்டிங்களோ?" தாரகாவின் அம்மா, என் மாமி. குரல் கரகரத்தது.

"ஓம் மாமி."

"வாமன் அங்கை வந்து உங்களோடை சண்டை பிடிக்கிறானோ?"

"இல்லை மாமி. அந்தக் கல்வெட்டிலை..."

"மறுபிறப்பு எண்டு போட்டிருக்கிறதோ? எனக்கும் வாசிச்சுக் காட்டினவன்." மாமி மூக்கைச் சிந்தினார். "தம்பி, முப்பது வரியம் நான் அவளோடை மாரடிச்சனான். ஒரு நாளும் அவள் அப்பிடிக் கதைச்சவள் இல்லை. ஆரோ ஒரு சினிமாக்காரி செத்ததை எனக்கு வந்து சொல்லுறான் இவன். எனக்கு என்ரை பிள்ளை வேணும். அவள் என்ன சொன்னவள்?"

வாமதேவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. நான் அவரைப் பார்க்காமல் ஃபோனைக் காதில் வைத்தேன்.

காலை ஏழு பத்து, மாமி, என்று தொடங்கினேன். நான் படுக்கையில் கிடந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டபடி வாசலில் நின்று கத்தினாள். எனக்குக் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள்.

"என்ன கத்தினவள்?"

சொன்னேன்.

"இண்டைக்குக் குப்பை எடுக்கிற நாள் எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டன், செவிடாடா நீ?"